காதில் விழுந்த பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது பரிசோதனை செய்வது என் தொழில். "சரியாகக் கேட்கவில்லை" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லாரும் வருவார்கள். பரிசோதனை முடிந்து கிளம்புகிற நேரத்தில் வேறொரு பேச்சை எடுப்பார்கள்: பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், பக்கத்து மேஜையில் தங்கள் காதில் விழுந்த ஏதோ ஒன்று. கேட்டிருக்கக் கூடாதோ என்ற கூச்சம் குரலில் இருக்கும். பல வருடங்களாக அதே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வருவதால், அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். யாரென்று தெரிந்துவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பக்கத்து சீட்டில் பேசுவது தானாகக் காதில் விழுகிறது. இதுவும் ஒட்டுக்கேட்பதுதானா?

இல்லை. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது பாருங்கள். "காதில் விழுந்தது" என்கிறபோது விழுவது பேச்சு. நாம் ஒன்றும் செய்யவில்லை. "ஒட்டுக்கேட்டான்" என்கிறபோது செய்கிறவன் ஒருவன் வந்துவிடுகிறான். கதவோடு கதவாக ஒட்டி நிற்கிற ஆள். கண்ணை மூடிக்கொள்ள இமை உண்டு. காதுக்கு அப்படி எதுவும் கிடையாது, தூக்கத்திலும் அது திறந்தேதான் இருக்கும்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1979-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே பிரிவைச் செய்திருக்கிறார்: பேச்சில் பங்கில்லாத ஒருவர் தற்செயலாகக் கேட்பது ஒன்று, கேட்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டு கேட்பது இன்னொன்று. நான் இதை இன்னும் எளிதாகச் சொல்வேன். கேட்பதற்காக உங்கள் உடம்பு ஏதாவது செய்ததா? ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் குறைத்தீர்களா? அந்தப் பக்கம் சாய்ந்தீர்களா? எழுந்து போக வேண்டிய நேரத்தில் எழாமல் உட்கார்ந்திருந்தீர்களா? செய்திருந்தால் பேச்சு உங்கள் காதில் விழவில்லை, நீங்கள் காதை நீட்டியிருக்கிறீர்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை.

இத்தனை பேர் பேசுகிற கூட்டத்தில் ஒரு பேச்சு மட்டும் ஏன் வந்து காதில் சிக்குகிறது?

1953-ல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஹெட்போனில் வலது காதுக்கு ஒரு பேச்சு, இடது காதுக்கு வேறொரு பேச்சு. ஒரு பக்கம் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மறுபக்கம் என்ன ஓடியது என்று பிறகு கேட்டபோது, ஆண் குரல் பெண் குரலாக மாறியது தெரிந்திருந்தது. ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூடத் தெரியவில்லை. நாம் கவனிக்காத பேச்சு, குரலாக மட்டும் உள்ளே வருகிறது. பொருள் அநேகமாக வாசலிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் சில சொற்களுக்கு வாசல் திறக்கும். முக்கியமாக நம் பெயர். 1959-ல் நெவில் மோரே கவனிக்காத காதுக்குள் அவரவர் பெயரைச் சொல்லிப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் பெயர், உங்கள் நோயின் பெயர், பிள்ளை படிக்கிற படிப்பு, அழுகிற குரல், சட்டென்று தணிந்த குரல் இவையெல்லாம் இப்படித்தான் நுழைகின்றன. 2001-ல் செய்த இன்னொரு சோதனையில், நினைவில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறன் குறைந்தவர்களில் 65 சதவீதம் பேருக்குத் தங்கள் பெயர் கேட்டது. அந்தத் திறன் மிகுந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கே கேட்டது. ஆகவே அடிக்கடி காதில் சிக்குகிறது என்றால் உங்களுக்குப் பாம்புச் செவி என்று அர்த்தமில்லை, வம்பு பிடிக்கும் என்றும் அர்த்தமில்லை. தேவையில்லாததைத் தள்ளி வைப்பது உங்களுக்குக் கொஞ்சம் கடினம், அவ்வளவுதான்.

நான் சொல்வது என் வீட்டுக்காரருக்குக் கேட்பதே இல்லை. பக்கத்து மேஜையில் பேசுவது மட்டும் கேட்கிறது. நடிக்கிறாரா?

இந்தக் கேள்வியில் எப்போதும் ஒரு வருத்தம் இருக்கும், அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். மெல்லிய, உயர்ந்த குரலில், வேறு பக்கம் பார்த்தபடி நீங்கள் சொல்வது அவருக்கு மங்கிவிடும். பக்கத்து மேஜையில் கனத்த குரலுள்ள ஒருவர் இவரை நோக்கி உட்கார்ந்து பேசினால் அது தெளிவாகவே வந்து சேரும். நடிப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு முறை பரிசோதனை செய்துவிடுங்கள். பல வீடுகளில் சண்டை அங்கேயே நின்றிருக்கிறது.

போனில் பேசுகிறவரைத்தான் சகிக்க முடியவில்லை. அதே இடத்தில் இரண்டு பேர் நேரில் பேசிக்கொண்டால் தொந்தரவாகவே தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லாருக்கும் இப்படித்தான். காரணம், பாதிப் பேச்சு. "ஆமா… எப்போ?… ஐயோ, அப்புறம்?" என்று ஒரு பக்கம் மட்டும் வந்தால், மறுபக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மனம் நிரப்பிப் பார்க்கத் தொடங்கிவிடும். அடுத்த சொல் எப்போது வரும் என்பதும் தெரியாது. முழு உரையாடலுக்கு ஒரு தாளம் இருக்கிறது, அதைப் பின்னால் ஓட விட்டுவிடலாம். பாதி உரையாடலுக்கு அது கிடையாது.

2010-ல் லாரன் எம்பர்சனும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். திரையில் நகரும் புள்ளியை மவுஸால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும், பின்னணியில் பேச்சு ஓடும். முழு உரையாடல் ஓடியபோதும், ஒருவரே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போனபோதும் கவனம் கெடவில்லை. பாதி உரையாடல் ஓடியபோது தடுமாறினார்கள். சொற்கள் புரியாதபடி ஒலியை மழுக்கியதும் தடுமாற்றம் போய்விட்டது. 2013-ல் வெரோனிகா கால்வன் குழுவினர் செய்த சோதனையில், ஒரு பக்கப் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தொந்தரவும் கூடுதலாக இருந்தது, பிறகு கேட்டபோது அந்தப் பேச்சிலிருந்த சொற்களும் கூடுதலாக நினைவில் இருந்தன.

போனில் பேசுகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "நான் ஒருவன்தானே பேசுகிறேன், என்ன புரிந்துவிடப் போகிறது" என்று நினைக்கிறோம். சுற்றியிருப்பவர்கள் மனதில் நன்றாகப் பதிவது அந்த ஒரு பக்கம்தான்.

ஏன் போனில் இவ்வளவு கத்துகிறார்கள்? மரியாதை தெரியாதா?

பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம் குரல் தானாக உயரும். பிரெஞ்சு காது மருத்துவர் எட்டியென் லோம்பார்ட் 1911-ல் இதைப் பதிவு செய்தார், அவர் பெயரால்தான் இன்றும் இதைக் குறிப்பிடுகிறோம். இரண்டு காதையும் இயர்போனால் அடைத்துக்கொண்டு பேசுகிறவருக்குத் தன் குரல் வெளியே எவ்வளவு சத்தமாகப் போகிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. மறுமுனை தெளிவாக இல்லையென்றால் இன்னும் உயரும். "கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறீர்களா" என்று சைகையில் காட்டினால் பலர் உடனே தணித்துக்கொள்வார்கள். ஒரு காதை மட்டும் திறந்துவிடச் சொன்னாலே போதும்.

நான் மெதுவாகத்தானே பேசுகிறேன். எவ்வளவு தூரம் கேட்டுவிடும்?

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபெல் இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48. அமைதியான அறையில் பின்னணி ஒலி 30 முதல் 40 டெசிபெல்தான். அதாவது நான்கு மீட்டர் தள்ளி இருப்பவருக்கும் உங்கள் பேச்சு தெளிவாகவே கேட்கும். அறைக்குள் கண்ணாடியும் டைல்ஸும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், மேலே சொன்ன கணக்கை விடக் குறைவாகவே தேயும்.

வளைந்த சுவர் இருந்தால் கணக்கே மாறிவிடும். பீஜப்பூரில் உள்ள கோல் கும்பஸின் குவிமாடத்திலும், லண்டன் புனித பால் பேராலயத்தின் மாடத்திலும் சுவரருகே முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். ஒலி வளைவை ஒட்டியே ஊர்ந்து போய்விடுகிறது. அவ்வளவு பெரிய கட்டடம்தான் வேண்டும் என்றில்லை. மாடிப்படி வளைவு, குழிவான கூரை, காற்றோட்டக் குழாய் இவையும் பேச்சை எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று பழமொழி சொல்கிறது. ஒலி பற்றிய பாடமாகவும் அதைப் படிக்கலாம். இரவில் பின்னணி இரைச்சல் குறைந்துவிடுவதால் அதே குரல் அதிக தூரம் கேட்கும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் மொழி அங்கே யாருக்கும் தெரியாது. தாராளமாகப் பேசலாம்தானே?

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது முகத்தில் எழுதியிருக்காது. புரியாத மொழியிலும் பெயர்கள், எண்கள், சிரிப்பு, சலிப்பு எல்லாம் புரியும். எதிரே இருப்பவரைப் பார்த்துவிட்டுப் பேசினீர்கள் என்றால் எதைப் பற்றி என்பதும் புரிந்துவிடும்.

நீங்கள் மறுபக்கத்தில், அதாவது புரிந்துகொள்கிறவராக இருந்தால், சீக்கிரமே தெரியப்படுத்திவிடுங்கள். அதே மொழியில் போனில் ஒரு வார்த்தை பேசலாம், மணி என்ன என்று கேட்கலாம். அரை மணி நேரம் மௌனமாகக் கேட்டுவிட்டு இறங்கும்போது "எனக்கும் இந்த மொழி தெரியும்" என்று சொல்வது அவர்களைக் கூசச் செய்யும். ஆரம்பத்திலேயே சொன்னால் பேச்சு தானாகத் திசை மாறிக்கொள்ளும்.

சைகை மொழியில் பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது தப்பா? நான் எதையும் "கேட்கவில்லையே"?

உங்களுக்குச் சைகை மொழி தெரியுமென்றால் அதுவும் கேட்பதுதான். என்னிடம் வரும் காது கேளாதவர்கள் இதை நிறையப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சு, கூடத்தின் மறுகோடியிலிருந்தும் தெரியும். குரலைத் தணிப்பது போல அதைத் தணிக்க முடியாது. உடம்பால் மறைத்துக்கொண்டோ, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டோதான் அந்தரங்கமாகப் பேச வேண்டும். மொழி தெரியாதவர்கள் வேடிக்கை பார்ப்பதும் அவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். தற்செயலாகப் பார்வை போவது வேறு, நிலைத்து நிற்பது வேறு. இரண்டு பேர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கடக்க நேர்ந்தால் நின்று தயங்காமல் சட்டென்று கடந்துவிடுங்கள், அதுதான் அவர்களுக்கு வசதி.

உண்மையைச் சொன்னால், எனக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்கப் பிடிக்கிறது. இது ஒரு குறையா?

குறை என்று நான் சொல்ல மாட்டேன். மனிதர்கள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதியே மற்ற மனிதர்களைப் பற்றித்தான். ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பொது இடங்களில் நடந்த பேச்சுகளைக் கேட்டு, 30 வினாடிக்கு ஒரு முறை என்ன விஷயம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பேசும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறவு, பழக்கம், யார் என்ன செய்தார்கள் என்பதிலேயே போனது. இப்படிப்பட்ட பேச்சில் நமக்கு ஈர்ப்பு இருப்பதில் வியப்பில்லை.

குழந்தைகள் மொழி கற்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. 2001-ல் நமீரா அக்தர் குழுவினர் நடத்திய ஆய்வில், 2 வயதுக் குழந்தைகள் தங்களிடம் யாரும் நேரடியாகச் சொல்லாமலே, இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டே ஒரு புதிய பொருளின் பெயரைக் கற்றுக்கொண்டார்கள். "அது சின்னது, அதற்கு என்ன தெரியும்" என்று நினைத்துக்கொண்டு குழந்தை முன்னால் எதையாவது பேசுகிறவர்களிடம் இந்த ஆய்வை நான் தவறாமல் சொல்வேன்.

ரசிப்பது சரி. காதை நீட்டுவது பழக்கமாகிவிட்டதா என்பதை முதல் பதிலில் சொன்ன அளவுகோலால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நான் கதை எழுதுகிறேன். பஸ்ஸில் கேட்டதை எழுதலாமா?

எழுதலாம். பேச்சின் ஓசை, ஒரு சொல்லாட்சி, ஒருவர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திய விதம் இவை யாருக்கும் சொந்தமில்லை. அவருடைய நோய், கடன், குடும்பச் சண்டை அப்படி இல்லை. எழுதியதை அவரே படித்தால் "இது நான்" என்று அறிந்துகொள்வாரா? ஆம் என்றால் இன்னும் மாற்றுங்கள். ஊர், வயது, தொழில், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் கதை நிற்கிறதென்றால் அதில் உங்களுடையது போதுமான அளவு இருக்கிறது.

வேடிக்கையான பேச்சு ஒன்றைக் கேட்டேன். பெயர் போடாமல் சமூக ஊடகத்தில் போட்டால் என்ன? பதிவு செய்தால்?

கதைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் நேரமும் இடமும். "இன்று காலை, இந்த வழித்தடத்தில், சிவப்புப் பை வைத்திருந்த ஒரு பெண்" என்று எழுதினால் பெயரே தேவையில்லை. அவரை அறிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் அந்தப் பெட்டியில் இருந்த பத்துப் பேருக்குக் கேட்கும்படி பேசினார். நீங்கள் அதைப் பல்லாயிரம் பேருக்குக் கொண்டுபோகிறீர்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நான் போட மாட்டேன், போட வேண்டாம் என்றே சொல்வேன்.

பதிவு செய்வது இன்னும் ஒரு படி மேலே. வெறும் காதால் கேட்பதைச் சட்டங்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. கருவி வந்ததும் நிலைமை மாறுகிறது. ஜெர்மனியில் பொதுவில் சொல்லப்படாத பேச்சை அனுமதியில்லாமல் பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அமெரிக்காவில் ஒருவர் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் பேசியதை, புலனாய்வு அதிகாரிகள் வெளிப்புறத்தில் கருவி பொருத்திக் கேட்டார்கள். 1967-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறவருக்கு, தன் பேச்சு ஊருக்கே ஒலிபரப்பாகாது என்று நம்ப உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் நாட்டில் விதி என்ன என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

அதே 1967-ல் இங்கிலாந்து, ஒட்டுக்கேட்பதைத் தனிக் குற்றமாக வைத்திருந்த பழைய சட்டத்தை நீக்கியது. அந்தப் பழைய குற்றத்தை 18-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் விளக்கியபோது, வீட்டுச் சுவரோரம் நின்று கேட்பதோடு நிறுத்தவில்லை. கேட்டதை வைத்து அவதூறு கட்டிவிடுவதையும் சேர்த்தே சொன்னார். கேட்பதும் கோள் மூட்டுவதும் ஒரே குற்றத்தின் இரண்டு பாதிகளாக இருந்திருக்கின்றன. எனக்கு இது சரியான பார்வையாகப் படுகிறது.

என் காதாலேயே கேட்டேன். அது எப்படித் தப்பாக இருக்கும்?

காது பரிசோதிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறையவே தப்பாக இருக்கலாம். 1970-ல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, ஒரு சொல்லின் நடுவே இருந்த ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் சொல் முழுதாகவே இருந்தது என்றார்கள். இல்லாத ஒலியை மூளை போட்டுக்கொண்டுவிட்டது. இரைச்சலான இடத்தில் இது நொடிக்கு நொடி நடக்கிறது.

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 1989-ல் மைக்கேல் ஷோபரும் ஹெர்பர்ட் கிளார்க்கும் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் விசித்திரமான உருவங்களை வார்த்தையால் விவரிக்க, எதிரே இருப்பவர் அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். மூன்றாவது ஆள் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அதே வேலையைச் செய்வார், ஆனால் கேள்வி கேட்க முடியாது. மூன்றாவது ஆள்தான் அதிகம் தவறினார். பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் புரிந்ததா என்று பார்த்துப் பார்த்துப் போகிறார்கள். ஓரத்தில் இருப்பவருக்காக யாரும் நிற்பதில்லை. முதலிலிருந்து கேட்டவருக்கே இப்படி. நடுவில் வந்து நாலு வரி கேட்டவர் நிலை என்னவாக இருக்கும்?

கேட்காமலிருக்க என்னதான் வழி?

எழுந்து இடம் மாறுவதுதான் சிறந்தது. முடியாவிட்டால், காதை நன்றாக மூடும் இயர்போனும் சீரான ஓசையும் (மழைச் சத்தம், சொற்களில்லாத இசை) உதவும். இரைச்சலை நீக்கும் ஹெட்போன்கள் எஞ்சின், விசிறி போன்ற தாழ்ந்த சீரான ஒலிகளைத்தான் நன்றாக நீக்கும். மனிதக் குரலை அந்த அளவுக்கு நீக்காது. சில சமயம் பின்னணி போய்விடுவதால் பேச்சு இன்னும் எடுப்பாகவே தெரியும். வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

யாரோ யாருக்கோ தப்பாக வழி சொல்கிறார்கள். குறுக்கே பேசலாமா?

வழி, நேரம், எந்த நடைமேடை போன்ற விஷயங்களில் தாராளமாக. "காதில் விழுந்தது, அதனால் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மருந்து, கல்யாணம், பிள்ளை வளர்ப்பு பற்றிய அபிப்பிராயம் என்றால் வேண்டாம். அங்கே நமக்குத் தெரிந்தது நாலு வரிதான்.

பக்கத்தில் ஒரு பெரியவர் போனில் ஓடிபி எண்ணைச் சொல்லப் போனார். மோசடி என்று தோன்றியது. நான் சும்மா இருந்துவிட்டேன். செய்தது சரியா?

இனி ஒருமுறை நேர்ந்தால் சும்மா இருக்காதீர்கள். இந்த மாதிரி ஏமாற்றுக்காரர்கள் முதலில் செய்வது, ஆளைப் போனை வைக்க விடாமல் பிடித்துக்கொள்வது. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று மிரட்டுவது. அருகிலிருக்கும் அந்நியர் ஒருவரால்தான் அதைக் கலைக்க முடியும். "ஐயா, மன்னிக்கணும், அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். போனை வைத்துவிட்டு, உங்கள் வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்" என்றால் போதும். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்கள் ஊகம் தப்பாக இருந்தால் நஷ்டம் ஒரு நிமிடச் சங்கடம்.

அவர் எண்களைச் சத்தமாகச் சொல்வது உங்களுக்கும் கேட்டுவிட்டதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அட்டையின் ரகசிய எண்ணை (PIN) மாற்றிக்கொள்வார்.

ஒருவர் இன்னொருவரை மிரட்டுவது கேட்டது. அத்தனை பேர் இருந்தார்கள், யாரும் ஒன்றும் செய்யவில்லை. நான் மட்டும் என்ன செய்ய முடியும்?

அத்தனை பேர் இருந்ததால்தான் யாரும் செய்யவில்லை. 1968-ல் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து இன்டர்காம் வழியாகப் பேசவைத்தார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரல் வரும். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அது முடிவதற்குள் உதவி தேடிப் புறப்பட்டார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான். இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பலர் கை நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது போயிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆகவே, உங்களுக்குக் கேட்டால் உங்களுக்கு மட்டும்தான் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போய் மோத வேண்டியதில்லை, அது ஆபத்தாகவும் முடியலாம். மிரட்டப்படுகிறவரிடம் "இந்த வண்டி எங்கே போகிறது?" என்று சாதாரணமாகக் கேட்கலாம்; பேச்சு ஒரு கணம் அறுபடும். நடத்துநர், காவலாளி, அங்கே பொறுப்பில் இருப்பவர் யாராவது இருந்தால் சொல்லலாம். உடல் ஆபத்து என்று தோன்றினால் காவல்துறையை அழைப்பதே முதல் வேலை. குழந்தை விஷயமென்றால் சந்தேகமே போதும், நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். முன்னே சொன்ன "தப்பாகக் கேட்டிருக்கலாம்" என்ற எச்சரிக்கையை இங்கே வாயை மூடிக்கொள்ளக் காரணமாக்காதீர்கள். கேட்ட சொற்களை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். விசாரிப்பது அவர்கள் வேலை.

முன்பின் தெரியாத இரண்டு பேர் என் தோழியைப் பற்றிப் பேசினார்கள். அவளிடம் சொல்ல வேண்டுமா?

மிகவும் கடினமான கேள்வி இது. அவர்கள் சொன்னது அவளுக்குத் தெரிந்தால் அவளால் ஏதாவது செய்துகொள்ள முடியுமா? வேலைக்கு ஆபத்து, பணம் போகப் போகிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்றால் சொல்லுங்கள், அன்றே சொல்லுங்கள். வெறும் அபிப்பிராயம், கேலி, பழைய கதை என்றால் அதைச் சுமந்துகொண்டுபோய் அவள் மடியில் இறக்குவதால் அவளுக்கு வலிதான் மிச்சம்.

அவளிடமே போய் "இப்படிக் கேள்விப்பட்டேன், உண்மையா?" என்று கிளறுவது இன்னொரு தவறு. மறைவாகப் பேசப்படும் விஷயத்தில் காது கொடுக்கவும் கூடாது, தொடர்ந்து துருவவும் கூடாது, அவர்களாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ள வேண்டும் என்று திருக்குறளின் 695-ஆம் குறள் சொல்கிறது. அரசனிடம் பழகுகிறவருக்குச் சொன்ன அறிவுரை அது. நட்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

பேசப்பட்டது நானே என்றால்?

இருமுங்கள், நாற்காலியை நகர்த்துங்கள், இருப்பதைக் காட்டிக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டீர்கள் என்றால், கேட்டது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வாக்கியம்தான் இருக்கும், மீதியை மனம் சேர்த்திருக்கும். நம்மைப் பற்றிய பேச்சில் அந்த இருமல் சோதனையை விடப் பெரிய அளவில் நாமே இட்டு நிரப்புவோம்.

என் காதுக்கருவியோடு வந்த சிறிய மைக்கை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனேன். உள்ளே பேசியது எல்லாம் கேட்டது. கருவி செய்த வேலைதானே?

இதைக் கேட்டவர் ஒரு பெரியவர். மைக்கை மறந்து வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போயிருக்கிறார். அவரை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பிள்ளைகள் பேசுவது காதுக்குள்ளேயே ஒலித்திருக்கிறது. முதல் வாக்கியம் காதில் விழுந்தது. அதற்கு அவர் பொறுப்பில்லை. அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தால் அது ஒட்டுக்கேட்பது. அவர் உள்ளே போய், "மைக் ஆனில் இருக்கிறது, எனக்குக் கேட்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு நாலு பேருமாகச் சேர்ந்தே பேசி முடித்தார்கள்.

இன்று காதுக்கருவி இல்லாதவர்களிடமும் இந்த வசதி இருக்கிறது. ஆப்பிளின் லைவ் லிசன், 2018 முதல் ஏர்பாட்ஸ் இயர்போனிலும் வேலை செய்கிறது. போனை ஓரிடத்தில் வைத்துவிட்டுத் தள்ளியிருந்து கேட்கலாம். காது மங்கியவர்களுக்கு இது பெரிய உதவி, யாரும் தயங்கக் கூடாது. மேஜையில் வைக்கும்போது "இது எனக்குக் கேட்பதற்காக" என்று சொல்லிவிடுங்கள். எழுந்து போகும்போது கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நின்றபோது ஒரு பெண் தன் பரிசோதனை முடிவைப் போனில் அம்மாவிடம் சொல்லி அழுதாள். நாட்கள் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை. நான் ஏதாவது செய்திருக்க வேண்டுமா?

அவள் போனை வைத்த பிறகு ஒரு டிஷ்யூவோ தண்ணீரோ நீட்டியிருக்கலாம், உட்கார இடம் விட்டிருக்கலாம். நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டியதில்லை. தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டதும் தவறில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு மறைவைக் கொடுத்திருக்கிறீர்கள். மனதில் நிற்பதற்கு நான்காவது பதிலில் சொன்ன காரணமும் உண்டு: பாதிப் பேச்சு முடிவதில்லை. பாரமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம், அவள் யாரென்று தெரியாதபடி சொல்லலாம்.

ஒன்று கேட்டால் கோபிக்கக் கூடாது. இந்த அறையில் நான் உங்களிடம் பேசுவது வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்குமா?

கோபமில்லை, இதை எல்லாரும் கேட்க வேண்டும். பரிசோதனைக் கூண்டுக்குள் இருக்கும்வரை கேட்காது. பிறகு நாம் பேசும் இந்த அறையில், முன்பு கேட்டது. காது மங்கியவர்களிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஒருவருடைய விவரம் வெளியே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்துபோய், அவர் அக்கறையாக விசாரித்தபோதுதான் எனக்கே உறைத்தது. அதற்குப் பிறகு வெளி நாற்காலிகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம், கதவின் கீழ் இடுக்கை அடைத்தோம், காத்திருக்கும் இடத்தில் மின்விசிறி போன்ற சீரான ஓசை தரும் ஒரு சிறு கருவியை வைத்தோம். முக்கியமான எண்களையும் முடிவுகளையும் வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டுகிறேன். இவ்வளவுக்குப் பிறகும் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், நடுவில் நிறுத்திக் கேளுங்கள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.